விடாமல் ஜெபித்தவர்களைச் சந்தித்திருக்கிறீர்களா? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

நாசரேத் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் லூக்கா 18ஆம் அதிகாரம் படித்தோம். அநீதியுள்ள நியாயாதிபதியிடம் ஒரு விதவை நியாயம் கேட்டு விடாமல் வந்து நிற்கும் உவமை. ஒரு தம்பி எழுந்து கேட்டான்: "ஐயா, கர்த்தருக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஒரு தடவை சொன்னால் போதாதா? அதையே திரும்பத் திரும்பக் கேட்டால் அவரை நம்பாத மாதிரி ஆகிவிடாதா?"

கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. பலர் மனதில் இருப்பதுதான், வாய்விட்டுக் கேட்பதில்லை. அந்த விதவைக்காகப் பேச ஆள் கிடையாது, கொடுக்கப் பணம் கிடையாது. முதியோர் உதவித்தொகைக்காகத் தாலுகா ஆபீஸ் படியேறி இறங்கும் நம் ஊர்ப் பாட்டிகளைப் போல, மறுபடியும் வந்து நிற்பது ஒன்றுதான் அவளால் முடிந்தது. அப்படிப்பட்ட நியாயாதிபதியே கடைசியில் இறங்கி வந்தான் என்றால், தம்மை நோக்கி இரவும் பகலும் கூப்பிடுகிறவர்களுக்கு தேவன் எவ்வளவு நிச்சயமாய் நியாயம் செய்வார் என்பதுதான் இயேசு சொன்னது. தேவனை அந்த மனிதனோடு சேர்த்து வைத்துப் படித்தால் உவமையே தலைகீழாகிவிடும்.

என்னை நிறுத்தியது எட்டாம் வசனம். இவ்வளவும் சொல்லிவிட்டு, மனுஷகுமாரன் வரும்போது பூமியிலே விசுவாசத்தைக் காண்பாரோ என்று கேட்கிறார். ஜெபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் ஏன் திடீரென்று விசுவாசத்துக்குப் போகிறார்? பதில் தாமதமாகும் காலத்தில் விசுவாசம் என்பது பெரும்பாலும் மறுபடியும் வந்து கேட்பதாகத்தான் இருக்கும் என்று நான் புரிந்துகொள்கிறேன். நம்பாதவன் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போய்விடுவான்.

அந்தத் தம்பிக்கு என் விளக்கத்தைவிட உங்கள் அனுபவங்கள் உதவும். ஆனால் ஒரு வேண்டுகோள். பதில் கிடைத்தவற்றை மட்டும் எழுதாதீர்கள். சாட்சி நேரத்தில் பதில் கிடைத்தவர்கள்தான் முன்னால் வருகிறார்கள். பதில் தெரியாமலே ஜெபித்துக்கொண்டிருப்பவர்கள் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் மைக்கை நீட்டுவதில்லை. அவர்களைச் சந்தித்திருந்தால் எழுதுங்கள்.

தென்கொரியா, ஆராய்ச்சி மாணவர்:

ஐயா, அப்படி ஒருவரை நான் இங்கே பார்த்தேன்.

எங்கள் ஆய்வகத்துக்கு அருகில் ஒரு பிரஸ்பிட்டேரியன் சபை உண்டு. அதிகாலை ஐந்து மணிக்கே அங்கே விளக்கெரியும். வெளியே பனி கொட்டினாலும் ஆட்கள் வருவார்கள். இந்த அதிகாலை ஜெபம் கொரியச் சபைகளின் அடையாளம் என்றே சொல்லலாம். 1907இல் பியோங்யாங்கில் பெரிய எழுப்புதல் உண்டானது. அதையொட்டிய நாட்களில் கில் சொன்ஜு என்பவர் விடியுமுன் ஆலயத்துக்குப் போய் ஜெபிக்கத் தொடங்கினார், பிறகு மற்றவர்களும் சேர்ந்தார்கள் என்று இங்கே சொல்கிறார்கள். கொரியப் பிரஸ்பிட்டேரியன் சபையில் முதன்முதலாக அபிஷேகம் பெற்ற ஏழு போதகர்களில் அவரும் ஒருவர். அந்தக் காலத்தில் பியோங்யாங்கைக் கிழக்கின் எருசலேம் என்பார்களாம். இன்று அது வடகொரியாவின் தலைநகரம்.

ஒரு பாட்டு, ஒரு சிறு வேதபகுதி, கொஞ்சம் பிரசங்கம். பிறகு விளக்குகளைக் குறைப்பார்கள். 'ஜூயோ' (கர்த்தாவே) என்று எல்லோரும் மூன்று தடவை உரக்கக் கூப்பிட்டுவிட்டு ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பார்கள். நம் ஊர் உபவாசக் கூட்டங்களில் வளர்ந்தவனுக்கு இது புதிதாகத் தெரியாது. அது முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து வேலைக்குக் கிளம்புவார்கள். சிலர் மட்டும் உட்கார்ந்தே இருப்பார்கள். கல்லூரி நுழைவுத் தேர்வு நெருங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அம்மாக்களின் கூட்டம் அதிகம். இந்தத் தேர்வுக்காக நூறு நாள் ஜெபம் வைக்கும் சபைகளும் உண்டு.

நான் சொல்ல வந்தது ஒரு பாட்டியைப் பற்றி. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1950 டிசம்பரில், கொரியப் போர் நடந்தபோது, வடக்கே ஹங்நாம் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் அகதிகளைக் கப்பல்களில் தெற்கே கொண்டுவந்தார்கள். பாட்டி அம்மாவின் முதுகில் கட்டப்பட்ட கைக்குழந்தையாக அதில் வந்தவர். அண்ணன் தாத்தா வீட்டில் இருந்ததால் அங்கேயே தங்கிவிட்டார். சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினார்களாம்.

அதன்பின் கடிதம் கிடையாது, தொலைபேசி கிடையாது. பிரிந்த குடும்பங்களைச் சந்திக்கவைக்கும் ஏற்பாடு 2000 முதல் அவ்வப்போது நடந்தது. தெற்கில் மட்டும் 1,30,000க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்திருக்கிறார்கள். குலுக்கலில் பெயர் வந்தால்தான் போகமுடியும். பாட்டிக்கு வரவில்லை. 2018 ஆகஸ்டில் நடந்த சந்திப்புக்குப் பிறகு அந்த ஏற்பாடும் நின்றுவிட்டது. அவருடைய அம்மா சாகும்வரை மகனுக்காக ஜெபித்தார். கண்மூடுவதற்கு முன் அந்த ஜெபத்தை மகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

ஆய்வக நண்பன் ஒருவனை மொழிபெயர்க்கச் சொல்லி நான் கேட்டேன்: "அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாதே பாட்டி, என்னவென்று ஜெபிக்கிறீர்கள்?"

"தெரியாததால்தான் ஜெபிக்கிறேன். தெரிந்தால் போனில் பேசியிருப்பேனே" என்றார்.

அண்ணனுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்காகவும் கேட்கிறாராம். இப்படி ஒரு ஜெபத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பதில் வந்தாலும் அவருக்குத் தெரிய வழியில்லை. தேவன் செவிகொடுக்கிறார் என்ற நம்பிக்கையைத் தவிர பாட்டியின் கையில் ஒன்றுமே இல்லை. நம் விண்ணப்பங்களில் பாதிக்கு, தேவன் செய்தாரா இல்லையா என்று பார்த்துக்கொள்ள ஒரு தேதியையும் சேர்த்தே வைக்கிறோம். பாட்டியால் அது முடியாது. நாம் அடிக்கடி சொல்லும் 'தேவனைச் சார்ந்திருத்தல்' என்பதை அவரிடம்தான் முழுதாகப் பார்த்தேன்.

பிரிஸ்டல், இங்கிலாந்து, செவிலியர்:

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு ஷிப்டுக்குப் போனேன், நாள் முழுக்க அந்தப் பாட்டிதான் மனதில் இருந்தார்.

நான் இருக்கும் ஊரில் ஆஷ்லி டவுன் என்று ஒரு மேட்டுப்பகுதி உண்டு. ஜார்ஜ் முல்லர் கட்டிய அநாதை விடுதிகள் அங்கேதான். பெரிய பெரிய கல் கட்டடங்கள், இப்போது பெரும்பாலும் குடியிருப்புகள். 1836இல் வில்சன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் தொடங்கினார். 1849இல் ஆஷ்லி டவுனில் முதல் கட்டடம், 1870க்குள் ஐந்து. அவர் காலத்தில் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, தேவனிடம் மட்டும் கேட்பது என்று வைத்திருந்தார். இதெல்லாம் நம் சபைகளில் அடிக்கடி கேட்கும் கதைதான். ஆண்டுதோறும் வரவு செலவு அறிக்கை வெளியிட்டார், அதைப் படித்தவர்கள் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதனால் அவர் நம்பிக்கை குறைந்துவிடுவதில்லை. பல வருஷங்கள் கையில் ஒன்றுமில்லாமல் அடுத்த வேளைக்காகக் காத்திருந்தவர்.

பணத்தை விட எனக்கு அதிகம் உதவியது அவருடைய இன்னொரு ஜெபம். 1844 நவம்பரில் ஐந்து பேரின் மனந்திரும்புதலுக்காக ஜெபிக்கத் தொடங்கினார். சுகமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், தரையில் இருந்தாலும் கடலில் இருந்தாலும் ஒரு நாளும் விடவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து முதல் ஆள் மனந்திரும்பினார். அதற்குப்பின் ஐந்து வருஷம் கழித்து இரண்டாமவர். மேலும் ஆறு வருஷம் கழித்து மூன்றாமவர். 36 ஆண்டுகள் ஆனபோது, மற்ற இருவரும் இன்னும் வரவில்லை, நான் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொன்னார். 1898 மார்ச் 10 அன்று, 92 வயதில் இறந்தார்.

பல்லாயிரம் விண்ணப்பங்களுக்குப் பதில் பெற்றவர் என்று நாம் கொண்டாடுகிறவருக்கே இரண்டு பெயர்கள் 36 வருஷம் பாக்கியாக இருந்தன. முல்லரைப் போல விசுவாசம் இருந்தால் உடனே கிடைக்கும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். ரொம்ப காலம் அவர் காலையில் எழுந்ததும் நேரே ஜெபத்துக்குத்தான் போவாராம். மனம் எங்கெங்கோ ஓடும், ஒருநிலைப்படவே வெகுநேரம் ஆகும். 1841 வாக்கில் அதை மாற்றிக்கொண்டார். முதலில் வேதத்தைத் திறந்து ஒரு பகுதியைத் தியானித்து, உள்ளம் தேவனுக்குள் மகிழத் தொடங்கியதும் அங்கிருந்து ஜெபத்துக்குப் போவது. நைட் ஷிப்ட் முடிந்து களைத்து வருகிற எனக்கு இது கைகொடுத்தது. வெறும் வாயில் வார்த்தை வராது, ஒரு சங்கீதம் வாசித்தால் அது தானாக ஜெபத்தில் கொண்டுபோய் விடுகிறது.

என் கணவர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. நல்ல மனிதர், பிள்ளைகளை என்னோடு அனுப்பிவைப்பார், அவர் மட்டும் வரமாட்டார். முல்லர் வைத்திருந்ததைப் போல நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கம் விண்ணப்பம், வலப்பக்கம் பதில். அவர் பெயருக்கு எதிரே வலப்பக்கம் காலிதான். அதற்காக அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகமாட்டேன்.

திருச்சி, இல்லத்தரசி:

ஆண்டவருக்குப் புகழ். நான் கத்தோலிக்கக் குடும்பம், எங்களுக்கு இந்த விஷயத்தில் புனித மோனிக்காவைத் தெரியும். பின்னாளில் ஆயராகவும் புனிதராகவும் ஆன மகன் அகுஸ்தீனுக்காக வருஷக்கணக்கில் அழுதவர். ஒரு ஆயரிடம் போய்த் தொல்லைப்படுத்தும் அளவுக்குக் கெஞ்சினார், இத்தனை கண்ணீருக்குரிய மகன் அழிந்துபோகமாட்டான், போம்மா என்று அவர் அனுப்பிவைத்தார். இது எல்லோரும் சொல்வது.

அகுஸ்தீனே எழுதிவைத்த இன்னொரு இரவு இருக்கிறது, அதைப் பிரசங்கங்களில் குறைவாகத்தான் கேட்டிருக்கிறேன். கார்த்தேஜ் துறைமுகத்திலிருந்து ரோமுக்குக் கிளம்பினார். தாய் விடவில்லை. நண்பரை வழியனுப்ப வந்தேன் என்று பொய் சொல்லி, பக்கத்தில் புனித சிப்ரியான் நினைவு ஆலயத்தில் தாயைத் தங்கவைத்துவிட்டு இரவோடு இரவாகக் கப்பல் ஏறிவிட்டார். அந்த இரவு முழுக்க மோனிக்கா செபித்தது ஒன்றுதான்: மகன் போகக்கூடாது. விடிந்து கரைக்கு வந்தால் கப்பல் இல்லை. ஆனால் ரோமுக்குப் போனவர் அங்கிருந்து மிலானுக்குப் போனார், அங்கே ஆயர் அம்புரோசைச் சந்தித்தார், 387இல் பாஸ்கா இரவில் அவர் கையால் திருமுழுக்குப் பெற்றார். மோனிக்காவும் மிலானில் கூடவே இருந்தார். தாய் எப்போதும் கேட்டுவந்ததைக் கொடுப்பதற்காகத்தான் அந்த இரவில் கேட்டதை ஆண்டவர் கொடுக்கவில்லை என்று மகனே பின்னாளில் புரிந்து எழுதினார்.

இது எங்கள் வீட்டிலும் நடந்தது. தம்பிக்குக் குடிப்பழக்கம். அம்மாவும் நானும் புதன்கிழமை சகாய மாதா நவநாளுக்குப் போவோம். கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே அவன் இருக்கவேண்டும் என்பதுதான் அம்மாவின் பெரிய வேண்டுதல். அவனோ திருப்பூருக்குப் போய்விட்டான். அம்மா சாப்பிடவே இல்லை. அங்கே கூட வேலை செய்த ஒருவர்தான், அவரும் ஒருகாலத்தில் குடித்தவர், தம்பியை ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குக் கூட்டிப்போனார், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் கூட்டம் அது. நடுவில் ஒருமுறை சறுக்கினான். மறுபடியும் போனான்.

இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டால் அம்மா "இன்றைக்குக் குடிக்கவில்லை" என்பார். அந்தக் கூட்டத்திலும் அப்படித்தான், ஒவ்வொரு நாளாகத்தான் பார்ப்பார்களாம். எங்கள் அன்றாட உணவை இன்று எங்களுக்குத் தாரும் என்று சிறுவயதிலிருந்து சொல்கிறோமே, அதன் பொருள் எனக்கு இந்த ஒரு வாக்கியத்தில்தான் பிடிபட்டது. வனாந்தரத்தில் ஆண்டவர் கொடுத்த மன்னா என்ற உணவை மறுநாளைக்கு எடுத்து வைத்தவர்களுக்கு அது புழுத்துப்போயிற்று. இன்று கிடைத்த கிருபையை வைத்து நாளையைச் சமாளிக்க முடியாது, நாளைக்கும் போய்க் கேட்கத்தான் வேண்டும். வாலிபர் கூட்டத்தில் அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

களக்காடு பக்கம், கடை வைத்திருப்பவர்:

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் டோனாவூர். அங்கே ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் மிஷனரியாக இந்தியாவுக்கு வந்தவர், 1901இல் ஒரு சிறுமி அடைக்கலம் தேடி வந்ததிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் ஊழியம் தொடங்கியது. அவரும் பணத்துக்காக யாரிடமும் கை நீட்டாதவர். சிறுவயதில் தன் பழுப்புக் கண்களை நீலமாக்கும்படி ஜெபித்துவிட்டு, காலையில் கண்ணாடியைப் பார்த்து ஏமாந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். பின்னாளில் சேலை கட்டி, கையில் காப்பிச்சாயம் பூசி, கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட பிள்ளைகளைத் தேடிப்போனபோது அந்தப் பழுப்புக் கண்கள்தான் உதவின.

அந்தக் கதை அழகாக முடிந்துவிடுகிறது. அவருடைய கடைசிக் காலம் அப்படி முடியவில்லை. 1931இல் கீழே விழுந்து கால் முறிந்தது. சுகத்துக்காக எத்தனையோ பேர் ஜெபித்தார்கள். 1951 ஜனவரி 18 அன்று இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது வருஷம், பெரும்பாலும் அந்த அறைக்குள்தான். அங்கிருந்தே நிறைய எழுதினார், எல்லோருக்காகவும் ஜெபித்தார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து அதில் தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லை மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் அப்பாவுக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். வீட்டுக்கு வரும் சிலர், "விசுவாசத்தோடு கேளுங்கள், மருந்தைத் தள்ளிவிடுங்கள், நடக்கும்" என்கிறார்கள். அன்பால்தான் சொல்கிறார்கள், ஆனால் கேட்கிற நோயாளியின் நெஞ்சில் அது கல்லைப் போடுகிறது. அப்பா கோபப்படமாட்டார். "உடம்பில் இருந்த முள்ளை எடுக்கும்படி பவுல் மூன்று தரம் கேட்டார், முள் எடுபடவில்லை, கிருபை கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் கம்மியா?" என்பார். ஊசி ஏறும்போது பக்கத்துப் படுக்கைக்காரரின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்வார். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிப்பார். தனக்காகக் கேட்பதையும் அவர் விடவில்லை. தினமும் கேட்கிறார். கேட்பதில் வெட்கம் இல்லை, கிடைக்காததில் கசப்பும் இல்லை. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

சென்னை, மென்பொருள் வேலை:

எல்லாவற்றையும் படித்தேன். நான் பின் வரிசைதான் ஐயா. குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். சபையில் பார்க்கிறவர்கள் எல்லோரும் வேதத்தில் ஜெபித்துப் பிள்ளை பெற்ற அன்னாளைச் சொல்கிறார்கள். இப்போதெல்லாம் ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை. விடாமல் ஜெபிக்கச் சொல்கிறீர்கள், வார்த்தையே இல்லாதவள் எதை விடாமல் பிடிப்பது?

நாசரேத் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

மகளே, அன்னாளை உங்களிடம் கொண்டுவந்தவர்கள் அவள் பிள்ளை பெற்றதை மட்டும் கொண்டுவந்திருப்பார்கள். ஆலயத்தில் அவளுக்கும் சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது, ஆசாரியன் அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். அதை ஜெபமாக ஏற்றுக்கொண்டவர் ஒருவர் இருந்தார். ரோமர் 8:26இல், எப்படி வேண்டிக்கொள்வதென்று அறியாத நமக்காக வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறது. வார்த்தை நின்ற இடத்தில் ஜெபம் நின்றுவிடுவதில்லை.

சங்கீதம் 88ஐ வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பும், இது திரும்பாது. இருளில்தான் முடிகிறது. ஆனாலும் அதன் முதல் வரி "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்பது. ஒன்றுமே மாறாத நிலையில் இப்படிப் பேசலாம் என்று வேதமே நமக்கு வார்த்தை தருகிறது. அதைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனை நினைத்துப் பாருங்கள். அவன் ஒரு வார்த்தை கேட்டதாக மாற்கு எழுதவில்லை. தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டு இயேசு பேசினார். கொஞ்ச நாள் நீங்கள் படுத்திருங்கள், நாங்கள் தூக்குகிறோம். சிகிச்சை எடுக்கிறீர்கள் என்றால் அதையும் ஜெபத்தோடு தொடருங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

சென்னை, மென்பொருள் வேலை:

நன்றி ஐயா. நேற்று இரவு அவரும் நானும் சங்கீதம் 88ஐச் சேர்ந்து வாசித்தோம். வாசித்து முடித்து ஆமென் மட்டும் சொன்னோம். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு டாக்டரைப் பார்க்கவேண்டும். முடிந்தவர்கள் அந்த நேரத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரிஸ்டல், இங்கிலாந்து, செவிலியர்:

தங்கச்சி, எனக்கு அப்போது அதிகாலை, ஷிப்டில்தான் இருப்பேன். நோட்டில் எழுதிவிட்டேன்.

திருச்சி, இல்லத்தரசி:

புதன் எங்களுக்கு நவநாள். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். டாக்டர் என்ன சொன்னாலும் வந்து எழுதும்மா, அடுத்த புதனும் போவோம்.